பட்ஜெட்டில் ஒரே ஒரு எண் போதாது

ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுப் பக்கத்துத் தோல், ஷூ கம்பெனிகளுக்குத் திட்டம் போட உதவுவது என் வேலை. மார்ச் நெருங்கினால் பெரும்பாலும் ஒரே மாதிரி எக்ஸெல் தாள்தான் என் முன்னால் வருகிறது: போன வருட விற்பனை, அதற்கு மேல் பத்து சதவீதம். அந்த ஒரு எண்ணை நம்பியே மிஷின் கடன், புது ஷெட், ஆள் சேர்ப்பு எல்லாம் முடிவாகிவிடுகிறது.

இந்த வட்டாரத்துத் தொழில் அப்படிச் சீராகப் போனதே இல்லை. 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது, கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு வழி செய்யாத தோல் பதனிடும் ஷெட்டுகள் மூடும் நிலைக்கு வந்தன. 2020-ல் ஐரோப்பாவில் கடைகள் அடைத்ததும் இங்கே ஆர்டர்கள் நின்றன. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனது. இவற்றின் தேதியை யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் "பாதி ஆர்டர்தான் வந்தால் சம்பளத்துக்கு எத்தனை மாதம் தாங்கும்?" என்று எந்த வருடமும் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாளி முன்னால் இதை யார் கேட்பது? அங்கேதான் சிக்கல். அதற்கு உளவியலாளர் காரி க்ளைன் சொன்ன வழி நன்றாக உதவுகிறது. கூட்டத்தில் எல்லோரிடமும் இப்படிச் சொல்லுங்கள்: "அடுத்த மார்ச், நாம் நஷ்டத்தில் இருக்கிறோம். ஏன் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதுங்கள்." நஷ்டம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வதால், காரணம் சொல்பவர் யாரையும் எதிர்த்துப் பேசியதாக ஆகாது. ஒரு கூட்டத்தில் ஸ்டோர் பொறுப்பாளர் எழுதியது: "லைனிங் முழுக்க ஒரே சப்ளையர்கிட்டதான் வாங்குறோம் சார். அவர் ஒரு வாரம் லேட் பண்ணா மொத்த லைனும் நிக்கும்." எந்த அறிக்கையிலும் இது இல்லை. மேனேஜர்களை மட்டும் வைத்துத் திட்டம் போடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

அப்புறம், திருப்பிக்கொள்ள முடிந்த முடிவுகளையும் முடியாதவற்றையும் பிரியுங்கள். கூடுதல் வேலையை முதலில் ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்குச் செய்து தரும் வெளி யூனிட்டுக்கு, கொடுத்துப் பார்க்கலாம். ஆர்டர் குறைந்தால் நிறுத்திக்கொள்ளலாம். கடனில் கட்டிய ஷெட்டை அப்படி நிறுத்த முடியாது.

கடைசியாக ஒன்று. இரண்டு மாதம் தொடர்ந்து ஆர்டர் குறைந்தால் எதை முதலில் நிறுத்துவது என்று இப்போதே எழுதிக் கையெழுத்திடுங்கள். மிஷின் வாங்குவது, ஓவர்டைம், அதற்குப் பிறகு மற்ற செலவுகள். சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனி வேனில் வரும் தையல் லைன் பெண்களின் வேலை அந்தப் பட்டியலில் கடைசி வரியாக இருக்கட்டும். நெருக்கடி வந்த பிறகு உட்கார்ந்தால், பதற்றத்தில் அதுதான் முதல் வரியாகிவிடுகிறது.