கல் மேடைக்கு அடியில் ஒளிந்திருக்கும் அடுப்பு

பார்த்தால் வெறும் கல் மேடைதான். அதன் மேல் பாத்திரத்தை வைத்து அடுப்பை இயக்கினால் தண்ணீர் கொதிக்கிறது. வழக்கமான இண்டக்‌ஷன் அடுப்பில் தெரியும் கறுப்புக் கண்ணாடித் தட்டுகூட இல்லை. சூடு எங்கிருந்து வருகிறது?

கல்லுக்கு அடியில் ஒரு செம்புக் கம்பிச்சுருள் இருக்கிறது. நொடிக்கு 50 அல்லது 60 முறை அலையும் வீட்டு மின்சாரத்தை, 20,000 முறைக்கு மேல் அலையும்படி மாற்றி அந்தச் சுருளுக்குள் செலுத்துகிறார்கள். சுருளின் காந்தப்புலமும் அதே வேகத்தில் மாறுகிறது. மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டும். மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த விதி இது. கல் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் புலம் அதைச் சூடாக்காமல் கடந்துபோகிறது. பாத்திரத்தின் அடிப்பகுதியில் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன, பாத்திரமே அடுப்பாகிவிடுகிறது.

சரி, இரும்புப் பாத்திரம்தான் வேண்டும் என்பது ஏன்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இரும்பின் காந்தத்தன்மை அந்த மின்னோட்டத்தை சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமனே உள்ள மேல்தோலுக்குள் நெருக்கித் தள்ளுகிறது. குறுகலான வழி என்பதால் தடை கூடி, சூடு பிறக்கிறது. செம்பிலும் அலுமினியத்திலும் மின்னோட்டம் தாராளமாக ஓடுவதால் சூடு குறைவு.

கண்ணாடித் தட்டின் தடிமன் சுமார் 4 மில்லிமீட்டர். கல் பலகை பெரும்பாலும் 12 மில்லிமீட்டர். தூரம் கூடினால் புலத்தின் பிடி தளரும். அதற்கேற்பச் சுருளை வடிவமைத்து, புலம் கீழே சிதறாமல் மேலே திரும்ப அடியில் ஃபெரைட் என்ற காந்தப் பொருளின் துண்டுகளையும் பொருத்துகிறார்கள்.

உண்மையான சிக்கல் திரும்பி வரும் சூட்டில் இருக்கிறது. கொதிக்கும் பாத்திரம் தன் அடியிலுள்ள கல்லைச் சூடாக்குகிறது. அந்த இடம் மட்டும் விரிய, சுற்றியுள்ள குளிர்ந்த பகுதி விடாமல் இழுத்துப் பிடிக்க, கல்லில் விரிசல் விழலாம். அடுப்புக் கண்ணாடி சூட்டில் விரிவதே இல்லை என்று சொல்லலாம். கல்லுக்கு அந்த வரம் கிடையாது. பிசின் கலந்த குவார்ட்ஸ் பலகையில் பிசினே கருகிவிடும். அதனால்தான் கனிமத் தூளை அழுத்தி, 1,200 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டெடுத்த பலகைகளை நாடுகிறார்கள். அப்புறம், பாத்திரத்துக்கும் கல்லுக்கும் நடுவே சூடு தாங்கும் விரிப்போ சிறு தாங்கியோ வைக்கிறார்கள். அதைச் சோம்பலில் ஒதுக்கிவிடக் கூடாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெப்ப உணரி கல்லுக்குக் கீழே இருந்தால், பாத்திரத்தின் சூடு அதற்குத் தாமதமாகத்தான் எட்டும். எண்ணெய் காயும்போது அருகிலேயே நில்லுங்கள். பாத்திரத்தை இறக்கிய பிறகும் கல் சுடும், ஆனால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்காது. குழந்தைகள் இருக்கும் வீட்டில், மேடை சூடாக இருப்பதைக் காட்டும் விளக்கு கட்டாயம் வேண்டும்.