‘மழைநீர்’ என்று அடித்தால் பெட்டி ஏன் காலியாகவே இருக்கிறது?

ஒரு சிற்றிதழுக்கு ஜாங்கோவில் தளம் அமைத்துக் கொடுத்தேன். ஜாங்கோ என்பது இணையதளம் கட்டுவதற்கான, பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்ட ஒரு கருவித்தொகுப்பு. முதல் கட்டுரையை ஏற்ற உட்கார்ந்த ஆசிரியர், தலைப்புப் பெட்டியில் ‘மழைநீர்’ என்று அடித்தார். கீழே இருக்கும் ஸ்லக் பெட்டி, அதாவது கட்டுரையின் இணைய முகவரியில் வரும் சிறு பெயர், தானாக நிரம்பியிருக்க வேண்டும். நிரம்பவில்லை. ‘மழைநீர் 2024’ என்று மாற்றினார். பெட்டியில் ‘2024’ மட்டும் வந்தது. எண்ணை ஏற்றுக்கொண்டு தமிழை மட்டும் அது விழுங்கியதைப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. அன்று இரவே ஜாங்கோவின் ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்களைத் திறந்து படித்தேன்.

ஜாங்கோ பிறந்ததே ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில்தான். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்ட் என்ற நாளிதழில் ஏட்ரியன் ஹொலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003இல் அதை எழுதத் தொடங்கினார்கள். 2005இல் அது எல்லோருக்கும் இலவசமாக வெளியானது. ‘ஸ்லக்’கூட அச்சு உலகச் சொல்தான், செய்திக்கு ஆசிரியர் குழு தமக்குள் வைத்துக்கொள்ளும் சுருக்கப் பெயர். நிருபர்களும் ஆசிரியர்களும் நிரல் எழுதத் தெரியாமலே செய்தி ஏற்ற வேண்டும் என்ற தேவைக்குப் பொருத்தமாக அமைந்ததுதான் அட்மின் பக்கம், அதாவது கட்டுரைகளை ஏற்றவும் திருத்தவும் பயன்படும் பக்கம். தரவு அமைப்பை மட்டும் நாம் எழுதினால் போதும், அதைப் படித்து ஜாங்கோவே படிவத்தைக் கட்டிக்கொடுத்துவிடும்.

பிரவுசருக்கு வந்து சேரும்போது அந்தப் படிவம் வெறும் எச்டிஎம்எல்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அடையாளப் பெயர் இருக்கும். ‘ஐடி’ என்று தொடங்கி, ஓர் அடிக்கோடு, அப்புறம் புலத்தின் பெயர். தலைப்பு, ஸ்லக் போன்ற ஒவ்வொரு தரவுக்கூறும் ஒரு புலம். இந்த ஒழுங்கு மாறாது என்பதால், எந்தப் பெட்டியையும் நம் ஸ்கிரிப்ட் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும். அந்த ஸ்கிரிப்டைப் பக்கத்தில் சேர்ப்பதும் எளிது. அட்மின் பக்கத்துக்காக நாம் பைத்தானில் எழுதும் வகுப்புக்குள் (கிளாஸ்) ‘மீடியா’ என்று ஓர் உள்வகுப்பு எழுதி, ஃபைலின் பெயரை அதில் கொடுத்துவிட்டால் போதும். பக்கத்தின் வார்ப்புருவான டெம்ப்ளேட்டில் கைவைக்க வேண்டியதில்லை.

சரி, ஸ்லக் பெட்டிக்கு வருவோம். அதை நிரப்ப இரண்டு ஃபைல்கள் கூட்டாக வேலை செய்கின்றன. ஒன்று காவல்காரன். பக்கம் திறக்கும்போது ஸ்லக் பெட்டி காலியாக இருந்தால் தலைப்புப் பெட்டியைக் கவனிக்கத் தொடங்கும், விசையிலிருந்து விரல் எடுக்கும்போதெல்லாம் தலைப்பை எடுத்து இன்னொன்றிடம் நீட்டும். அந்த இன்னொன்றின் பெயர் யுஆர்எல்இஃபை. அதனிடம் எழுத்து மாற்று அட்டவணைகள் இருக்கின்றன. கிரேக்கம், ரஷ்யன், அரபி, ஜார்ஜியன் எல்லாம் உண்டு. தமிழ் இல்லை. அட்டவணையில் அகப்படாத எழுத்துகள் அடுத்த வரியில் சல்லடைக்குப் போகின்றன. ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, இணைப்புக்கோடு, இடைவெளி தவிர மற்ற எதுவும் அதில் தங்காது. ‘மழைநீர்’ மறைந்ததும் ‘2024’ தப்பியதும் அந்த ஒரே வரியில்தான்.

“யூனிகோடை அனுமதி” என்று ஸ்லக் புலத்துக்கு ஒரு வசதி இருக்கிறதே, அதைப் போட்டால் தமிழிலேயே முகவரி வருமே என்று நானும் நினைத்தேன். போட்டுப் பார்த்தேன். வந்தது ‘மழநர’. நாம் நான்கு எழுத்தாகப் பார்க்கும் ‘மழைநீர்’ கணினிக்கு ஏழு குறியீடுகள்: ம, ழ, ஐகாரக் குறி, ந, ஈகாரக் குறி, ர, புள்ளி. யூனிகோடு வகைப்பாட்டில் ம, ழ, ந, ர நான்கும் ‘எழுத்து’. மற்ற மூன்றும் ‘குறி’. அனுமதி கொடுத்த சல்லடையும் எழுத்தையும் எண்ணையும் மட்டுமே விட்டு வைக்கிறது, குறிகளை உதிர்த்துவிடுகிறது. கையாலேயே ‘மழைநீர்’ என்று ஸ்லக் பெட்டியில் அடித்துச் சேமிக்கப் பார்த்தாலும் சர்வர் மறுக்கிறது, ஏனென்றால் பைத்தானின் சோதனை வரியும் இதே கண்ணோடுதான் பார்க்கிறது. கொம்பும் புள்ளியும் இல்லாமல் தமிழில் ஒரு சொல்லை எப்படி எழுதுவது?

அதனால் ஒலிபெயர்ப்புப் பக்கம் திரும்பினேன். காவல்காரனோடு மல்லுக்கட்டக் கூடாது. நம் ஸ்கிரிப்ட் தனியாக ஸ்லக்கை நிரப்பினால், அடுத்த விசைக்கே அது வந்து அழித்துவிட்டுப் போகும். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. யுஆர்எல்இஃபை பக்கம் முழுவதற்கும் பொதுவான ஒரு செயல்கூறு (ஃபங்ஷன்), காவல்காரன் ஒவ்வொரு முறையும் அதைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறது. பழையதை ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு, அதே பெயரில் நம்முடையதை உட்கார வைத்தேன். நம்முடையது முதலில் தமிழை ஆங்கில எழுத்துக்கு மாற்றும், பிறகு பழையதிடமே ஒப்படைக்கும். இடைவெளியை இணைப்புக்கோடாக்குவது, நீளத்தைக் கத்தரிப்பது எல்லாம் பழையபடியே நடக்கும். ‘மீடியா’ பட்டியலில் யுஆர்எல்இஃபை ஃபைலை முன்னாலும் நம் ஃபைலைப் பின்னாலும் எழுத வேண்டும். வரிசை மாறினால் எடுத்து வைக்கப் பழையது இருக்காது.

மாற்றும் முறை நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. மெய் வந்தால் அதன் ஒலியை எழுது, அடுத்த குறியீட்டைப் பார். புள்ளியா, எதுவும் சேர்க்காதே. உயிர்க்குறியா, அந்த உயிரின் ஒலியைச் சேர். இரண்டும் இல்லையா, அகரத்தைச் சேர். பதினெட்டு மெய், பன்னிரண்டு உயிர், பதினொரு உயிர்க்குறி, கிரந்தம், ஆய்தம், புள்ளி எல்லாம் சேர்த்து அட்டவணை ஐம்பதுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரே ஒரு கண்ணி: ‘கொ’வின் ஒகரக் குறியை ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. மாற்றுவதற்கு முன் ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் செயல்கூற்றை ஒருமுறை ஓட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இவ்வளவும் பிரவுசரில் மட்டும் நடப்பது. எக்செல்லிலிருந்து நூறு கட்டுரைகளை மொத்தமாக ஏற்றினால் இந்த ஸ்கிரிப்ட் ஓடவே ஓடாது. அதனால் அதே அட்டவணையைப் பைத்தானிலும் எழுதி, சேமிக்கும் இடத்தில் வைத்தேன். இன்னொன்று, யுஆர்எல்இஃபையின் பெயர் ஜாங்கோவின் உள்வீட்டு விஷயம். ஜாங்கோவின் புதிய பதிப்புக்கு மாறும்போதெல்லாம் ‘மழைநீர்’ என்று ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுகிறேன்.

ஸ்கிரிப்டால் தீர்க்க முடியாதது ஒன்று உண்டு. ‘பாரதி’யின் பகரமும் ‘பாதை’யின் பகரமும் எழுத்தில் ஒன்று, உச்சரிப்பில் வேறு. மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினத்தை மென்மையாக்கும் விதியைச் சேர்த்தேன், ‘தங்கம்’ சரியாக வந்தது. ‘பாரதி’க்கு விதி கிடையாது. அங்கே ஆசிரியர் ஸ்லக் பெட்டிக்குள் போய் முதல் எழுத்தைத் தானே திருத்துகிறார். பெட்டியில் மனிதக் கை பட்டதை அந்தக் காவல்காரன் குறித்து வைத்துக்கொள்ளும். அதற்கப்புறம் தலைப்பை எத்தனை முறை மாற்றினாலும் அந்தப் பெட்டியை அது தொடுவதில்லை.