சத்து மாத்திரை என்று சொல்லாதீர்கள்

போன மாதம் ஒரு பெண்ணைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ஓபிக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வயது 28. பதினோரு வாரத்துக்கு முன்னால் இதே கட்டடத்திலிருந்து, "லிஃப்ட் எதுக்கு மேடம், படியிலயே இறங்கிடறேன்" என்று சிரித்தபடி வீட்டுக்குப் போனவர். செய்துகொண்டது ஸ்லீவ், அதாவது எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்குகிற அறுவை சிகிச்சை. 118 கிலோ இருந்தவர் 90-க்கு வந்திருந்தார். அந்தக் கணக்கைச் சொல்லும்போது அவருடைய அம்மாவின் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மகளால் எழுந்து நிற்க முடியவில்லை. எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிகிறது என்றார். இன்று என்ன கிழமை என்று கேட்டால் வெகுநேரம் யோசித்துத் தப்பாகச் சொன்னார்.

விசாரித்தால் எனக்குப் பழகிப்போன கதை. நான்கு வாரமாக வாந்தி. "வயித்தைச் சின்னதாக்கியிருக்காங்க, வாந்தி வரத்தானே செய்யும்" என்று அத்தை சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டிலும் அதையே சொல்லியிருக்கிறார்கள். விழுங்கினால் குமட்டுகிறது என்று மாத்திரைகளை நிறுத்தியாயிற்று. சோர்ந்து படுத்ததும் ஊரிலேயே ஒரு கிளினிக்கில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கால் தள்ளாட ஆரம்பித்தது.

"மாத்திரையை ஏம்மா நிறுத்தினீங்க?"

"முக்கியமான மாத்திரை எதையும் நிறுத்தல மேடம். சத்து மாத்திரை மட்டும்தான்."

இந்த வருடத்தில் இதே பதிலை நான் கேட்பது மூன்றாவது முறை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அறுவை நிபுணர் இல்லை. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் டயட்டீஷியன். வீட்டுக்குப் போன பிறகு வருகிற சந்தேகம், சண்டை, அழுகை எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும்.

அந்தப் பெண்ணுக்குத் தீர்ந்துபோயிருந்தது தையமின், அதாவது வைட்டமின் பி1. ஒரு ஆளின் உடம்பு முழுவதையும் வழித்தெடுத்தாலும் தையமின் 30 மில்லிகிராம் தேறினால் பெரிது. உள்ளே வருவது நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் இருப்பு காலி. மாவுச்சத்தை எரித்து மூளைக்கும் நரம்புக்கும் சக்தி கொடுக்கிற வேலை இது இல்லாமல் நடக்காது. இருப்பு வற்றிய உடம்பில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால், மிச்சமிருக்கும் துளியையும் அது இழுத்துச் செலவழித்துவிடும். கண், நடை, புத்தி மூன்றும் சேர்ந்து கெடுகிற இந்த நோயை ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே 1881-லேயே எழுதிவைத்துவிட்டார். அவர் விவரித்த மூன்று பேரில் இருவர் குடிகாரர்கள். மூன்றாவது ஆள், கந்தக அமிலத்தைக் குடித்து இரைப்பை கெட்டு, ஓயாமல் வாந்தியெடுத்த ஒரு இளம் தையல்காரப் பெண். அந்த மூன்றாவது ஆளை எல்லோரும் மறந்துவிட்டோம். குடிப்பழக்கம் இல்லையென்றால் இந்த நோய் யாருக்கும் நினைவுக்கே வருவதில்லை.

ஊர்களில் கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்தவர் வாந்தியோடு வந்தால் தையமின் ஊசி முதலில், குளுக்கோஸ் அதற்குப் பிறகு. ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். விலை குறைந்த ஊசிதான்.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிய சமாச்சாரமே இல்லை. தீட்டிய பச்சரிசியையே முக்கியமாகச் சாப்பிட்ட பகுதிகளில், தையமின் குறைவால் வருகிற பெரிபெரி நோய் வந்தபோது, புழுங்கலரிசி சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் தையமின் அரிசிக்குள் இறங்கிவிடும். நம் பாட்டிமார் தெரிந்தோ தெரியாமலோ காப்பாற்றிவைத்த சத்து அது. ஆனால் தட்டு நிறையச் சாப்பிட்டவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு. ஒரு நாளைக்கு நாலு ஸ்பூன் சோறு, அதுவும் பாதி வெளியே வந்துவிடுகிறது என்றால் எந்த அரிசியும் காப்பாற்றாது.

இனி அந்த வார்த்தைக்கு வருகிறேன். சத்து மாத்திரை. இந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று தெரிந்தால் நேரில் போய்ச் சண்டை போடுவேன். நம் வீடுகளில் அது டானிக்குக்குத் தம்பி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு மாதம் கொடுப்பது, காய்ச்சல் வந்து எழுந்தவருக்குப் பத்து நாள் கொடுப்பது, தெம்பு வந்ததும் அலமாரியில் போட்டுவிடுவது. அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கேயும் கொண்டுவருகிறார்கள். "மாத்திரை சூடு மேடம்." "தினமும் முருங்கைக்கீரை சூப் குடிக்கிறேன், போதாதா?" "ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு, இன்னுமா?"

ஆமாம், இன்னும். பத்து வருடம் ஆனாலும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய், ஆரம்பத்தில் ஒரு டம்ளர் காபி அளவுகூடப் பிடிக்காது. பைபாஸ் என்றால் (இதயத்தில் செய்வது இல்லை, இரைப்பையில் செய்வது) இன்னும் சிறிய பை. அதோடு சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமல் உணவு கீழே போய்விடும். சாப்பாட்டின் அளவு குறைந்தது மட்டும்தான் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. வைட்டமின் பி12-ஐ உணவிலிருந்து பிரித்தெடுக்கிற அமிலமும், அதைக் குடல் உறிஞ்சுவதற்குத் துணைபோகிற புரதமும் சுரப்பது இரைப்பைச் சுவரில். இரும்பும் கால்சியமும் முக்கியமாக உறிஞ்சப்படுவது சிறுகுடலின் அந்த முதல் பகுதியில். முருங்கைக்கீரையில் இரும்பு இருக்கிறது, இல்லையென்று நான் சொல்லவில்லை. அதை வாங்கி வைக்கிற ஆள் வேலையைவிட்டுப் போய்விட்டார் என்கிறேன். இனி அந்த வேலையை மாத்திரையும் ஊசியும்தான் செய்ய வேண்டும். சர்க்கரை நோயாளி இன்சுலினைச் சத்து ஊசி என்று சொல்வதில்லையே?

இதில் ஏமாற்றுவது பி12. தையமின் மூன்று வாரத்தில் காட்டிக்கொடுத்துவிடும். பி12 அப்படி இல்லை. கல்லீரலில் சில வருடங்களுக்கான இருப்பு இருக்கும். மாத்திரையை நிறுத்திய ஆள் ஒரு வருடம், இரண்டு வருடம் நன்றாகவே இருப்பார். "பார்த்தீங்களா, நிறுத்தியும் ஒண்ணும் ஆகல" என்று என்னிடமே வந்து சொல்வார். அப்புறம் ஒருநாள் பாதம் மரத்துப்போகும், செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பார். சைவம் சாப்பிடுகிறவர்கள் பலர் அறுவை சிகிச்சைக்கு வரும்போதே குறைந்த பி12-ஓடுதான் வருகிறார்கள். அவர்களுக்கு இந்தக் காலக்கெடுகூடக் கிடைக்காது.

எனவே பல்கூட்டு வைட்டமின், பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, எல்லாம் ஆயுளுக்கும். அளவை உங்கள் மருத்துவமனை எழுதித்தரும். கால்சியம் சிட்ரேட்டாக இருப்பது நல்லது, அமிலம் குறைந்த வயிற்றிலும் அது கரையும். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடாதீர்கள், ஒன்றை ஒன்று தடுக்கும். நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையை டீயோடும் காபியோடும் விழுங்காதீர்கள். இந்த வரிகளை மட்டும் கிழித்து ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கொண்டாலும் சரி.

வாந்திக்கு வருகிறேன். அவசரமாக விழுங்கினால், சரியாக மெல்லாவிட்டால், ஒரு வாய் கூடிவிட்டால் எப்போதாவது ஒருமுறை வரலாம். தினமும் வருவது, தண்ணீர்கூட நிற்காமல் வருவது இயல்பே இல்லை. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தங்கவில்லையென்றால் அன்றைக்கே கிளம்பி வாருங்கள். குழாய் ஓரிடத்தில் சுருங்கியிருக்கலாம், பார்த்துச் சரிசெய்ய வழி இருக்கிறது. முதல் இரண்டு வாரத்தில் காய்ச்சல், கூடிக்கொண்டே போகிற வயிற்றுவலி, இடது தோளில் வலி, சும்மா படுத்திருக்கும்போதே நாடி 120 என்று ஓடுவது, மூச்சுத்திணறல், கெண்டைக்காலில் வீக்கம், இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தையல் கசிவும் ரத்தக்கட்டியும் விடியும்வரை பொறுக்காது.

சாப்பாடு. முதல் இரண்டு வாரம் நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு குழைவானது, ஆறு வாரத்துக்குப் பிறகு மெல்ல மெல்ல வழக்கமான உணவு. இதெல்லாம் சார்ட்டில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. நீராகாரம் என்று சொன்னதும் நம் வீட்டில் அரிசிக்கஞ்சி, இளநீர், ஜவ்வரிசிக் கஞ்சி என்று வரிசை கட்டுகிறார்கள். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது போக வேண்டிய உடம்பு இது. ஒரு இட்லியில் இருப்பது ஏறத்தாழ 2 கிராம், ஒரு முட்டையில் 6. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் விட்ட மோர் புரதம் ஆகாது, கெட்டித் தயிர் ஆகும். வேகவைத்து மசித்த பருப்பு, முட்டை வெள்ளை, முள்ளெடுத்த மீன், பனீர், பிறகு சுண்டல், கூடவே எழுதிக்கொடுத்த புரதப் பவுடர். தட்டில் இவற்றை முதலில் முடியுங்கள். இடமிருந்தால் சோறு.

சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். இலைக்குப் பக்கத்தில் செம்பை வைத்துக்கொண்டு வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டம்தான், எனக்குப் புரிகிறது. அரை மணி நேரம் முன்னும் பின்னும் விட்டுவிட்டு, மற்ற நேரத்தில் மடக்கு மடக்காக நாள் முழுக்கக் குடியுங்கள். ஒன்றரை லிட்டராவது போக வேண்டும். ரசம் ஊற்றிக் கரைத்துச் சாப்பிடுகிற சாதமும், சாம்பாரில் மிதக்கிற இட்லியும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். வயிறு நிறைந்த உணர்வே வராது. இரண்டாவது வருடத்தில் எடை மறுபடி ஏறுகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். அடுத்து மிக்சர் டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்பேன். பதில் சொல்லாமல் சிரிப்பார்கள்.

பைபாஸ் செய்தவர்கள் கல்யாண வீட்டில் பாயசத்தை ஒரே மூச்சில் குடித்தால் அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். சிலருக்கு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை இறங்கித் தலைசுற்றும். கண்பட்டுவிட்டது என்று சுற்றிப்போடுவது உங்கள் விருப்பம். அடுத்தமுறை பாயசத்தைத் தவிர்த்துப் பாருங்கள்.

முடி கொட்டும். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம்வரை கொத்துக் கொத்தாக வரும், பெண்கள் அழுதுகொண்டே வருவார்கள். வேகமாக எடை குறைந்ததற்கு உடம்பு காட்டும் எதிர்வினை. புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப முளைத்துவிடும். ஆயிரக்கணக்கில் எண்ணெய் வாங்காதீர்கள்.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பழைய அளவிலேயே மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் மயங்கி விழுவீர்கள். எடை குறையக் குறைய அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள், நீங்களாகவே மாற்ற வேண்டாம். மூட்டுவலி என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரை, குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, இரைப்பையும் குடலும் சேரும் இணைப்பில் புண்ணை உண்டாக்கலாம். சிகரெட்டும் அதே வேலையைச் செய்யும். மது முன்பைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும். பழைய கணக்கில் குடித்துவிட்டு வண்டியை எடுக்கிறவர்களிடம் என்ன சொல்வது! சாப்பாட்டில் தேடிய ஆறுதலைப் பாட்டிலில் தேடத் தொடங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். வெட்கப்படாமல் சொல்லுங்கள், எங்கள் பிரிவிலேயே மனநல ஆலோசகர் இருக்கிறார்.

இளம்பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையால் மாதவிடாய் தள்ளிப்போனவர்களுக்கு, எடை குறைந்ததும் பெரும்பாலும் சுழற்சி சரியாகிவிடும். எத்தனையோ வருடம் தங்காத கரு மூன்றாவது மாதத்திலேயே தங்கலாம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்குத்தான் வயிற்றைக் கலக்கும். தாய்க்கே சத்து போதாத நேரம் அது. 12 முதல் 18 மாதம் பொறுங்கள் என்று மாமியாரையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறேன். பைபாஸ் செய்தவர்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம், வேறு வழியை மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டிலிருக்கும் அம்மாக்களே, அத்தைகளே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். "ரெண்டு வாய்தானே சாப்பிட்டே, இன்னொரு வாய்" என்று ஊட்டாதீர்கள். பிள்ளை இளைத்துப் போவதற்காகத்தான் இத்தனை செலவு செய்தீர்கள். "முகமெல்லாம் வாடிப்போச்சே" என்று வருகிறவர்கள் போகிறவர்கள் முன்னால் சொல்லாதீர்கள். ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றால் மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம், அதன்பின் வருடத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அந்தப் பெண்ணுக்குத் தையமின் ஊசி போட்ட இரண்டாம் நாள் பார்வை தெளிய ஆரம்பித்தது. கால் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை, பிசியோதெரபி இன்னும் நடக்கிறது. நேற்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வந்தார். மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டேன். "ஒருவேளைகூடத் தவறல மேடம்" என்று அவருடைய அம்மா கைப்பையைத் திறந்து டப்பாவை எடுத்துக் காட்டினார். உள்ளே இரும்பு அட்டையையும் கால்சியம் அட்டையையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

"ரெண்டையும் ஒண்ணாவா குடுக்கறீங்க?"

"ஆமா மேடம், ராத்திரி பாலோட. ரெண்டும் சத்து மாத்திரைதானே?"

ரப்பர் பேண்டைக் கழற்றி என் மேஜை டிராயரில் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.