டான், சான், சென், டிரான்: ஒரே குலப்பெயர் ஊருக்கு ஊர் மாறுன கதை

சிங்கப்பூர்ல டான் டோக் செங் ஆஸ்பத்திரி இருக்கு, ஹாங்காங்ல ஜாக்கி சான் இருக்கார், வியட்நாமை 1225-ல இருந்து 1400 வரைக்கும் ஆண்டது டிரான் வம்சம், தைவான்ல தெருவுக்கு நாலு சென் இருப்பாங்க. இந்த டான், சான், டிரான், சென் எல்லாத்தையும் சீன எழுத்துல எழுதச் சொன்னா எல்லாரும் ஒரே எழுத்தைத்தான் எழுதுவாங்க. உச்சரிப்புதான் ஊருக்கு ஊர் வேற, எழுத்து ஒண்ணுதான். தமிழ்ல நாம இதையெல்லாம் தனித்தனி பேரா எழுதிட்டுப் போறதால இந்த உறவே கண்ணுக்குத் தெரியாம போயிடுது, அதனால கொஞ்சம் விரிவாவே பாத்துடலாம்.

முதல்ல அந்த எழுத்து. இடது பக்கம் மேட்டைக் குறிக்கிற ஒரு சின்ன உறுப்பு, வலது பக்கம் கிழக்குங்கிற எழுத்து. அந்த இடது உறுப்பு பாக்கறதுக்கு காது மாதிரி இருக்கும், அதனால "எந்த சென்?"னு கேட்டா மாண்டரின்கிற பொதுச் சீனம் பேசுறவங்க "அர் தோங் சென்"னு சொல்லுவாங்க, அதாவது காதும் கிழக்கும் சேர்ந்த சென். ஃபோன்ல பேர் சொல்லும்போது இன்னிக்கும் இப்படித்தான் சொல்றாங்க, ஏன்னா மாண்டரின்ல சென், செங் மாதிரி காதுக்கு ஒண்ணா கேக்குற குலப்பெயர் நிறைய உண்டு. சாதாரண சொல்லா இந்த எழுத்துக்கு ரெண்டு பொருள், ஒண்ணு பரப்பி வைக்கிறது, இன்னொண்ணு பழசு, நாள்பட்டது. சீன மருந்துலயும் சமையல்லயும் போடுற சென்பிங்கிற பழைய ஆரஞ்சுத் தோல்ல வர்ற சென் இதேதான். ஆனா குலப்பெயருக்கும் இந்தப் பொருளுக்கும் சம்பந்தம் தேட வேண்டியதில்ல, குலப்பெயர் வந்தது ஒரு நாட்டோட பேர்ல இருந்து.

அந்த நாடு இருந்த இடம் இன்னிக்கு ஹெனான் மாகாணத்துல ஹுவாய்யாங். கி.மு. 11-ஆம் நூற்றாண்டுல ஷாங் வம்சத்தைத் தோக்கடிச்சு ஜோ வம்சம் வந்தப்போ வூ மன்னர் பழைய காலத்து ஷுன் பேரரசரோட வழியில வந்தவர்னு மான் என்கிறவரைத் தேடிப் பிடிச்சு, தன் மகளையும் கட்டிக் குடுத்து, சென்கிற சின்ன நாட்டையும் குடுத்தார்னு மரபுக்கதை சொல்லுது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டுல தெற்கே இருந்த சூ நாடு அதை முழுங்கிடுச்சு. நாடு போச்சு, அந்த நாட்டு வம்சத்து ஆளுங்க நாட்டோட பேரையே குலப்பெயரா வச்சுக்கிட்டாங்க. சீனக் குலப்பெயர்கள்ல நிறைய, தேடிப் போனா, இந்த மாதிரி அழிஞ்சுபோன ஏதோ ஒரு குட்டி நாட்டுலதான் போய் நிக்கும்.

இதுல ஒரு கிளைக்கதை இருக்கு, அது பின்னாடி வேணும். நாடு அழியுறதுக்கு முன்னாடியே, கி.மு. 672-ல, வான்கிற ஒரு சென் இளவரசர் உள்நாட்டுச் சண்டைக்குப் பயந்து இன்னிய ஷாண்டோங் பக்கம் இருந்த சி நாட்டுக்கு ஓடிப்போனார். அவரோட வாரிசுங்க அங்க தியென்கிற பேர்ல வளர்ந்து கடைசியில கி.மு. 386-ல அந்த நாட்டுக்கே ஆட்சியாளர்களா அங்கீகாரம் வாங்கிட்டாங்க. சென் எப்படி தியென் ஆச்சு? அந்தக் காலத்துல ரெண்டு சொல்லும் கிட்டத்தட்ட ஒரே ஒலி. அதாவது அப்போ சென்கிற சொல் "ச"வுல ஆரம்பிக்கல, நாக்கு மேல தட்டுற "த, ட" மாதிரி ஒலியில ஆரம்பிச்சுச்சு. "ச" பின்னாடி வடக்குல வந்த மாற்றம்.

இப்போ டானுக்கு வரலாம். ஃபூஜியன் மாகாணத்து ஹொக்கியன் பேச்சு, மத்த சீனப் பேச்சுகள்ல இந்த மாற்றம் நடக்குறதுக்கு முன்னாடியே பிரிஞ்சு போயிடுச்சு, அதனால பழைய ஒலியை அப்படியே வச்சிருக்கு. நமக்கு இதுக்கு வீட்டுலயே ஆதாரம் இருக்கு. தேயிலைங்கிற சொல்லுல வர்ற "தே" ஹொக்கியன்காரங்க டீக்குச் சொல்ற சொல், ஃபூஜியன் துறைமுகத்துல இருந்து கப்பல் வழியா உலகம் சுத்துனது. சாய், சாயான்னு நாம சொல்றது மத்த சீனப் பேச்சுல இருக்குற "சா", அது வேற வழியா வந்தது. மலேசியத் தமிழர்கள் மாமாக் கடைங்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில ஆத்துன டீயை தே தாரிக்னு ஆர்டர் பண்றதும் அதே "தே"தான். தே, சா ரெண்டுக்கும் என்ன உறவோ அதே உறவுதான் டானுக்கும் சானுக்கும், ரெண்டு சொல்லுமே பழைய சீனத்துல ஒரே முதல் ஒலிக் கூட்டத்தைச் சேர்ந்தது. மாண்டரின்ல ஜாங்னு இருக்குற குலப்பெயர் சிங்கப்பூர்ல தியோ ஆனதும் இதே விதிதான். டான்கிறதை யாரோ கொச்சையா உச்சரிச்சதால வந்ததுன்னு நெனைக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க, எனக்கு அது மனசுக்கே கஷ்டமா இருக்கும், ஏன்னா ரெண்டுல பழசு டான்தான்.

வடக்குல இருந்த பேர் கடலோரத்துக்கு எப்படி வந்துச்சுன்னா, தாங் வம்சக் காலத்துல 669-ல சென் செங்கிற படைத்தலைவர் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு ஃபூஜியனுக்கு வந்தார், அவர் மகன் சென் யுவான்குவாங் 686-ல சாங்சோங்கிற மாவட்டத்தை நிறுவுனார், 711-ல சண்டையில செத்தார். அவரை இப்போ "சாங்சோவைத் திறந்த புனித அரசர்"னு சாமியாவே கும்பிடுறாங்க. சிங்கப்பூர் மேகசின் ரோட்டுல 1878-ல கட்டுன டான் சீ சோங் சூ கோயில்ல அவரைத்தான் வச்சிருக்காங்க, அது டான் குலத்தோட மூதாதையர் கோயில், இப்போ தேசிய நினைவுச்சின்னம். அதைக் கட்டுனதுல முக்கியமானவர் டான் கிம் சிங், டான் டோக் செங்கோட மகன். அப்பா டோக் செங் 1798-ல மலாக்காவுல பிறந்து, சிங்கப்பூர் வந்த புதுசுல காய்கறியும் கோழியும் வித்து மேல வந்தவர், 1844-ல ஏழைங்களுக்குன்னு அவர் குடுத்த பணத்துல தொடங்குனதுதான் இன்னிக்கும் அவர் பேர்ல நிக்கிற ஆஸ்பத்திரி.

மலாக்கா, பினாங்கு பழைய வீட்டு வாசல்கள்ல இன்னொண்ணு கவனிக்கலாம். கதவுக்கு மேல மரப்பலகையில பெரிய பொன்னெழுத்து ரெண்டு இருக்கும், அது வீட்டுக்காரர் பேரும் இல்ல, குலப்பெயரும் இல்ல, அந்தக் குலம் பேரும் புகழுமா இருந்த பழைய மாவட்டத்தோட பேர். டான் வீடுன்னா அதுல யிங்ச்சுவான்னு இருக்கும், ஹொக்கியன்ல எங் சுவான். ஹெனான்ல இருக்குற ஒரு ஆத்தோட பேர் அது. அந்த வீட்டுல இருக்குற யாரும், அவங்க தாத்தாவோட தாத்தாவும் கூட, அந்த ஆத்தைப் பாத்திருக்க மாட்டாங்க. கல்லறைக் கல்லுலயும் அதே பேர் வர்றது உண்டு.

அதே மலேசியாவுல கோலாலம்பூர் போனா பேர் மாறிடும். பெட்டாலிங் தெருவோட கடைசியில, மகாமாரியம்மன் கோயில்ல இருந்து நடந்தே போற தூரத்துல, சான் சீ சூ யுவென்னு ஒரு குல மண்டபம் இருக்கு, 1906-ல கட்டி முடிச்சது, கூரை முழுக்க பீங்கான் பொம்மைங்க. குவாங்சோ நகரத்துல 1894-ல முடிச்ச பிரம்மாண்டமான சென் குல மண்டபத்தைப் பாத்து கட்டுனது. அங்க டான் இல்ல, சான், ஏன்னா கோலாலம்பூர் சீனர்கள்ல கான்டனீஸ்காரங்க அதிகம், பினாங்குல ஹொக்கியன்காரங்க அதிகம். சபாவுல ஹக்காக்காரங்க, அங்க அதே எழுத்து சின். சரவாக்ல சிபு நகரம் 1901-ல ஃபூச்சோக்காரங்க குடியேறுன இடம், அங்க அதே எழுத்து திங். ஒரே நாட்டுக்குள்ள டான், சான், சின், திங்னு நாலு ஐடென்டிட்டி கார்டு இருக்கும், நாலு பேரும் சீன எழுத்துல கையெழுத்துப் போட்டா ஒரே எழுத்து. அதனால ஸ்பெல்லிங்கைப் பாத்தே இவங்க பாட்டன் எந்தப் பேச்சு பேசுனவர், எந்தப் பக்கத்துல இருந்து கப்பல் ஏறுனவர்னு பெரும்பாலும் சொல்லிடலாம்.

அந்த ஸ்பெல்லிங்கை முடிவு பண்ணது அவங்க இல்ல, காலனி ஆபீஸ்ல உக்காந்திருந்த கிளார்க். காதுல விழுந்ததை அவர் எழுதுனார், அது மூணு தலைமுறைக்கு நின்னுடுச்சு. சில இடத்துல குலப்பெயரோட நிக்காம முழுப்பேரும் சேர்ந்தே குடும்பப் பேரா ஆயிடுச்சு. தென் அமெரிக்காவுல இருக்குற சுரினாம்ல 1980-ல இருந்து 1982 வரைக்கும் ஜனாதிபதியா இருந்தவர் ஹென்க் சின் ஆ சென், இதுல "சின்"தான் நம்ம எழுத்து, "ஆ" ஹக்காக்காரங்க பேருக்கு முன்னாடி அன்பா சேத்துக்கிறது, "சென்" ஏதோ ஒரு முன்னோரோட சொந்தப் பேர், மூணும் சேர்ந்து ஒரே குடும்பப் பேர் ஆயிடுச்சு. பிலிப்பைன்ஸ்ல அண்ணன்கிற பொருள்ல மரியாதைக்குச் சேக்குற "கோ" கடைசியில ஒட்டிக்கிட்டு டான்டோகோ, டான்சாங்கோ மாதிரி பேர்கள் உண்டாச்சு. ரீயூனியன் தீவுல வீரப்பிள்ளைங்கிற ஒருத்தரோட சொந்தப் பேர் விராபுல்லேன்னு குடும்பப் பேரா ஆனதும், மொரீஷியஸ்ல ராமசாமி ராம்சாமின்னு தலைமுறை தலைமுறையா நிக்கிறதும் இதே மாதிரி பதிவேட்டுல நடந்ததுதான், அங்க நம்ம ஆளுங்களுக்கும் சீனர்களுக்கும் பேர் எழுதுனது ஒரே மாதிரி ஆபீஸ்.

தாய்லாந்துல தியோச்சு சீனர்கள் அதிகம், அங்க "சே தாங்"னு சொல்லுவாங்க, சே-ன்னா குலப்பெயர். 1913-ல எல்லாருக்கும் குடும்பப் பேர் வேணும்னு சட்டம் வந்தப்புறம் நிறைய பேர் நீளமான தாய் பேருக்கு மாறிட்டாங்க, பாங்காக் பேங்கோட நிறுவனர் சின் சோபோன்பானிச் பிறவியில டான்தான். இந்தோனேசியாவுல 1966-க்கு அப்புறம் சீனப் பேரை மாத்தச் சொல்லி அரசு நெருக்குனப்போ டான் குடும்பங்கள் தனோத்தோ, தனுவிஜாயா, ஹர்தான்தோன்னு உள்ளுக்குள்ள "தன்", "தான்" வர்ற மாதிரி பேர் வச்சுக்கிட்டாங்க. பேரை விடச் சொன்னாலும் ஒரு அசையையாவது காப்பாத்தி வச்சிருக்காங்க பாருங்க, அதைப் படிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு கனத்துடும்.

வியட்நாம் கதை வேற மாதிரி. டிரான் அரச வம்சத்தோட முன்னோர் ஃபூஜியன்ல இருந்து வந்து மீன் பிடிச்சு வாழ்ந்தவங்க, பின்னாடி 13-ஆம் நூற்றாண்டுல மங்கோலியர்களை மூணு தடவை விரட்டுனவங்க. இன்னிக்கு அங்க நூத்துல பத்து பேருக்கு மேல டிரான், ங்குயெனுக்கு அடுத்த இடம். ஆனா அத்தனை பேரும் சீன வம்சாவளி கிடையாது, சாதாரண வியட்நாமியர்கள்தான், அதனால 1975-க்கு அப்புறம் அமெரிக்கா, ஆஸ்திரேலியாவுக்குப் போன டிரான்களை சீனர்னு எழுதிடக் கூடாது. சீனாவுல இந்தக் குலப்பெயர்காரங்க 5 கோடிக்கு மேல, முதல் அஞ்சு இடத்துல ஒண்ணு. ஹாங்காங், தைவான், சிங்கப்பூர் மூணுலயும் முதல் இடமே இதுதான். "சென், லின் ரெண்டும் உலகத்துல பாதி"ன்னு தெற்குல ஒரு சொலவடையே இருக்கு.

ரெண்டு எச்சரிக்கை. மெயின்லேண்ட் சீனாவுல இருந்து வர்ற தான் எல்லாம் இந்த டான் இல்ல, இசையமைப்பாளர் தான் டுன் ஹுனான்காரர், அவரோட தான் வேற எழுத்து, கான்டனீஸ்ல அது தாம். அடுத்தது ஜாக்கி சான், அவரோட அப்பா பிறவியில ஃபாங் குலத்தைச் சேர்ந்தவர், ஹாங்காங் வந்தப்போ சான்னு மாத்திக்கிட்டார், ஜாக்கி சானோட மகன் சினிமாவுல ஃபாங்கிற பழைய குலப்பெயரோட சீனப் பேரைத்தான் வச்சிருக்கார். உலகத்துக்குத் தெரிஞ்ச சான் வம்சவழியில சான் கிடையாது.

இப்போ தமிழ்ச் சொல். விண்ணப்பத்துல எல்லாம் "குடும்பப் பெயர்"னு போடுறோம், ஆனா குலப்பெயருக்குச் சீனர்கள் மாண்டரின்ல சொல்ற "சிங்"குக்கு அது பத்தாதுன்னு நான் நெனைக்கிறேன். ஒருத்தரை ஒருத்தர் பாக்காத கோடிக்கணக்கான பேரை மூவாயிரம் வருஷத்து ஒரே முன்னோர்கிட்ட கொண்டுபோய் நிறுத்துற பேர் அது, ஒரே சிங்காரங்க பங்காளி முறை, கல்யாணம் பண்ணிக்கக் கூடாதுன்னு பழைய சீனச் சட்டமே இருந்துச்சு. அதனால குலப்பெயர்தான் சரியா பொருந்துது. குடிப்பெயர்னும் சிலர் எழுதுறாங்க, நல்ல சொல்தான், ஆனா குடிபெயர்ந்தவங்களைப் பத்தி எழுதுற கட்டுரையில குடிபெயர், குடிப்பெயர் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்தா படிக்கிறவங்க தடுமாறுவாங்க.

குலப்பெயரைத் தமிழாக்கம் பண்ணக் கூடாது, அந்தந்த ஊர் ஒலியிலதான் எழுதணும். சிங்கப்பூர், மலேசியாக்காரர்னா அவங்க வச்சிருக்குற மாதிரியே டான், சான், சின், திங், ஹாங்காங்னா சான், சீனா, தைவான்னா சென், வியட்நாம்னா டிரான். குலப்பெயர் முன்னாடி வரும், அதனால சுருக்கி எழுதும்போது டான் டோக் செங்கை "திரு. டான்"னு எழுதணும், "திரு. செங்"னு எழுதுறது தப்பு, தமிழ்நாட்டுப் பத்திரிகைங்கள்ல இந்தத் தப்பு அடிக்கடி வருது. அப்புறம் மலேசியாவுல மாமன்னர் குடுக்குற டான் ஸ்ரீ பட்டத்துக்கும் இந்தக் குலப்பெயருக்கும் துளி சம்பந்தம் இல்ல. டான் ஸ்ரீ வின்சென்ட் டான்னு படிச்சா முன்னாடி இருக்குறது பட்டம், கடைசியில இருக்குறதுதான் குலப்பெயர்.