மினுவெட் – சிற்றடி ஆட்டம்

மினுவெட்: 17ஆம் நூற்றாண்டில், பதினான்காம் லூயி மன்னர் காலத்துப் பிரெஞ்சு அரசவையில் செல்வாக்குப் பெற்ற இணையாட்டம். மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் அமைந்த அதன் இசைக்கும் இதே பெயர்தான். பிரெஞ்சுக்காரர் ஏறக்குறைய 'மெனுவே' என்பார்கள். நமக்கு ஆங்கிலத்தின் வழியாக வந்ததால் கடைசி 'ட்' ஒட்டிக்கொண்டது.

'மெனு' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறிய, நுண்ணிய என்று பொருள். அதற்கும் மூலம், 'சிறிதாக்கப்பட்டது' எனப் பொருள்படும் லத்தீன் 'மினுட்டுஸ்'. ஓட்டலில் நாம் கேட்கும் மெனுவும் கடிகாரத்தின் மினிட்டும் இதே வேரில் கிளைத்தவைதாம். சின்னச் சின்ன அடிகளாக எடுத்து வைப்பதால் ஆட்டத்துக்கு இந்தப் பெயர் என்பதே பெரும்பாலோர் கருத்து. பிரான்சின் புவாத்து வட்டாரத்து நாட்டார் ஆட்டம் ஒன்றின் 'அமெனே' என்ற வகைப்பெயரிலிருந்து வந்தது என்போரும் உண்டு. எனக்கு முதல் விளக்கமே பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் ஆட்டத்தின் உயிரே அந்த அடிகளில் இருக்கிறது.

ஆறு எண்ணிக்கைக்கு நான்கே அடிகள். இசை மூன்று மூன்றாக நகர, கால்கள் அந்தப் பிரிவோடு ஒட்டாமல் வேறு கணக்கில் போகும். பார்க்க எளிது, ஆடக் கடினம். அரசவையில் ஒரு நேரத்தில் ஒரே ஓர் இணைதான் ஆடும். மற்றவர்கள் சுற்றி அமர்ந்து பார்ப்பார்கள். யார் முதலில் ஆடுவது என்பதைப் பதவி வரிசை தீர்மானிக்கும். முதலில் வணக்கம். பிறகு ஆங்கில 'இசட்' எழுத்தின் வடிவில் இருவரும் எதிரெதிரே வந்து, ஒருவரையொருவர் கடந்து, இடம் மாறுவார்கள். வலக்கை கொடுத்து ஒரு சுற்று, இடக்கை கொடுத்து ஒரு சுற்று, இறுதியில் இரு கையும். பியர் ரமோ என்ற நடன ஆசான் 1725இல் வெளியிட்ட நூலில் இதையெல்லாம் படங்களோடு விளக்கியிருக்கிறார்.

தமிழில் என்ன சொல்வது? குறுநடை என்றால் தத்தி நடக்கும் குழந்தைதான் கண்முன் வரும். குரவை என்று பழஞ்சொல்லைத் தேடி எடுப்பதும் பிழை. அது பலர் கைகோத்து வட்டமாக ஆடுவது. சிற்றடி ஆட்டம் என்பதே என் தேர்வு. பாதம், எடுத்து வைக்கும் காலடி ஆகிய இரு பொருள்களையும் 'அடி' தாங்கும்.

ஆனால் இசைக்கு அந்தச் சொல் ஒத்துவராது. ஹைடன், மோட்சார்ட் சிம்பொனிகளில் பெரும்பாலும் மூன்றாவது பகுதியாக வரும் மினுவெட் கேட்பதற்கானது, யாரும் எழுந்து ஆடுவதில்லை. அங்கே மினுவெட் என்றே எழுதலாம். (பியானோ பழகும் பிள்ளைகள் பாக் இயற்றியதாக நினைத்து வாசிக்கும் ஜி மேஜர் மினுவெட், உண்மையில் கிறிஸ்டியான் பெட்சோல்ட் எழுதியது.)

இன்னொரு குழப்பம், 'பால்ரூம்'. இந்த 'பால்' பந்து அன்று. ஆடுதல் என்னும் பொருளுள்ள பிற்கால லத்தீன் 'பல்லாரே'யிலிருந்து வந்தது. பாலேயும் அதன் உறவுதான். ஆடற்கூடம் எனலாம். அங்கே ஆடிய மற்ற ஆட்டங்களில் வால்ட்ஸ், 'சுழல்' என்னும் பொருளுள்ள ஜெர்மன் வினையடியில் பிறந்தது. சுழலாட்டம் என்றால் பொருள் சிதையாது. கவோத் அப்படியன்று. தென்கிழக்குப் பிரான்சின் மலைநாட்டு மக்களான கவோக்களின் பெயரை ஒட்டியது என்பதால் மொழிபெயர்க்காமல் விடுவதே முறை.

மோட்சார்ட்டின் 'டான் ஜொவான்னி' (1787) இசைநாடகத்தில் ஒரு விருந்துக் காட்சி. மேடையில் மூன்று இசைக்குழுக்கள் ஒரே நேரத்தில் மூன்று வெவ்வேறு தாளங்களில் வாசிக்கின்றன. கான்ட்ரடான்ஸ் என்னும் குழு ஆட்டமும் ஜெர்மன் ஆட்டமும் மற்றவர்களுக்கு. மினுவெட் ஆடுவது உயர்குடி இணை. அன்றைய பார்வையாளர்களுக்கு எந்த ஆட்டம் எந்த வகுப்பாருக்கு உரியது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.