காகம் நரைக்குமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி படம் ஒன்று அனுப்பியிருந்தார். மொட்டைமாடிக் கம்பியில் ஒரு காகம், பறக்க எத்தனித்தபடி செட்டையை விரித்து நிற்கிறது. கறுகறுவென்று இருக்கவேண்டிய இறகுகளின் நடுவே சாம்பல் கலந்த வெள்ளைப் பட்டைகள். வாலிலும் அப்படியே. கீழே எழுதியிருந்தார்: "அம்மா சனிக்கிழமையில சோறு வைக்கேக்க இதுதான் முதல் ஆளா வருது. சனீஸ்வரன்ர வாகனத்துக்கே நரை வந்திட்டுது, வீட்டுக்கு ஏதோ தோஷம் எண்டு அம்மா பயப்படுறா. உண்மையில காகம் நரைக்குமா?"

படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். காகம் வாயைத் திறந்திருக்கிறது. உள்ளே இன்னும் இளஞ்சிவப்பு நிறம். வளர்ந்த காகத்தின் வாய் உள்ளேயும் கறுத்திருக்கும். ஆக, இது கிழட்டுக் காகமில்லை. கூட்டை விட்டு இறங்கி ஒரு வருடம்கூட ஆகியிராத பிள்ளை. அதன் செட்டையில் தெரிவது முதுமையின் நரை என்று சொல்ல வழியில்லை. கூட்டுக்குள் இருந்த நாட்களில் அதற்கு எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்ற விபரம்தான் அங்கே பதிந்திருக்கிறது. அதை எப்படி வாசிப்பது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நகரத்துப் பறவை பட்டினி கிடப்பது அரிது. பின்னேரம் காலிமுகத்திடலுக்குப் போனால் தெரியும்: இறால் வடைத் துண்டு, கச்சான், பிய்த்தெறிந்த பாண், கொத்துரொட்டிப் பொதியின் மிச்சம். கொழும்புக் காகத்தின் வயிறு நிரம்பித்தான் இருக்கிறது. ஆனால் எதனால் நிரம்புகிறது? 100 கிராம் வெள்ளைச் சோற்றில் 3 கிராம் புரதம்கூட இல்லை. அவித்த முட்டையில் 12 கிராமுக்கு மேல் உண்டு. வளர்ந்த காகம் மாச்சத்திலும் எண்ணெயிலும் காலத்தை ஓட்டிவிடும். அதற்கு வேண்டியது பெரும்பாலும் எரிபொருள். குஞ்சின் கதை வேறு. மூன்று நான்கு வாரங்களில் அது எலும்பு, தசை, இறகு எல்லாவற்றையும் கட்டி முடிக்கவேண்டும். வீடு கட்டுகிறவனுக்கு விறகை மட்டும் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இறக்கினால் சுவர் எழும்புமா?

ஆயுள் முழுக்கத் தானியம் பொறுக்கும் அடைக்கலக்குருவிகூடத் தன் குஞ்சுக்கு முதல் நாட்களில் பூச்சியும் புழுவும்தான் ஊட்டும். காரணம் இதுவே. நகரத்தில் குறைவதும் அந்தப் புழுக்கள்தான். பல புழுவினங்கள் தமக்குப் பழகிய சில மரங்களில் மட்டுமே வளரும். வெளியூரிலிருந்து கொண்டுவந்து தெருவோரம் நட்ட அழகு மரங்கள் பலவற்றில் அவற்றுக்கு இரையில்லை. மீதியைப் பூச்சிநாசினியும் காலை தோறும் சருகு கூட்டும் விளக்குமாறும் பார்த்துக்கொள்கின்றன.

இங்கே ஒரு கேள்வி எழும். புறக்கோட்டை அரிசிக் கடைகளின் முன்னால் புறாக்கள் ஏன் குறையவில்லை? புறா தன் குஞ்சுக்குப் புழு தேடுவதில்லை. தாயும் தகப்பனும் தங்கள் கழுத்தடியிலுள்ள தீனிப்பையின் உட்சுவரிலிருந்து ஒரு பாலைச் சுரந்து ஊட்டுகின்றன. புரதமும் கொழுப்பும் செறிந்த பால். சிந்திய அரிசியைத் தின்று, அதைக் குஞ்சுக்கேற்ற உணவாகத் தன் உடம்புக்குள்ளேயே மாற்றிக்கொள்ளும் பறவைக்கு நகரம் ஒரு பொருட்டே இல்லை. காகத்துக்கும் குருவிக்கும் அந்த வசதி கிடையாது. சித்திரையில் நமக்காகக் கூவும் குயிலின் குஞ்சும் காகத்தின் கூட்டில், காகம் கொண்டுவரும் இதே உணவைத் தின்றுதான் வளர்கிறது.

ஒரு பறவை நல்ல நிலையில் இருக்கிறதா என்று ஆய்வாளர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? துணிப்பையில் போட்டு நிறுப்பார்கள். வேர்னியர் இடுக்கியால் கால் எலும்பை அளப்பார்கள். அந்த எலும்புச் சட்டத்துக்கு அந்த நிறை போதுமா என்று ஒப்பிடுவார்கள். பிறகு பறவையைக் கையில் மல்லாத்திப் பிடித்து, நெஞ்சில் மெல்ல ஊதுவார்கள். இறகுகள் விலகும். பறவையின் தோல் கண்ணாடித்தாள் போல மெல்லியது. கழுத்தடியில் கவையெலும்பின் பள்ளத்தில் மஞ்சளாகக் கொழுப்பு சேர்ந்திருந்தால் அப்படியே தெரியும்.

ஆனால் கொழுப்பு குறைந்த பறவையெல்லாம் நோயாளி இல்லை. கொழுப்பு என்பது வழிக்குக் கட்டிய சோறு. அதைச் சுமந்துகொண்டு பறந்தால் எழும்புவது தாமதமாகும், பூனையோ வைரியோ பிடித்துவிடும். நாளைக்கும் அதே கடைவாசலில் அதே நேரம் உணவு விழும் என்று தெரிந்த பறவை எதற்குச் சுமக்கவேண்டும்? ஆகவே நகரப் பறவையின் இன்றைய நிறையை மட்டும் வைத்து அதன் வாழ்க்கையை எடைபோட முடியாது.

ஆய்வுகளும் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகின்றன. 2009இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் காகக் குஞ்சுகளை அளந்தார்கள். புறநகர்க் கூடுகளின் குஞ்சுகள் கிராமத்துக் குஞ்சுகளைவிடச் சிறியவை. இரத்தத்தில் புரதமும் கல்சியமும் குறைவு. 2019இல் வெளியான இன்னொரு ஆய்வில், கலிபோர்னியாவின் நகரக் காகக் குஞ்சுகளின் இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் கூடுதலாக இருந்தது. காரணம் மனிதரின் உணவா என்று சோதிக்க நியூயோர்க்கின் கிராமப்புறக் கூடுகளுக்குச் சீஸ்பர்கர் வாங்கிப் போட்டார்கள். அந்தக் குஞ்சுகளுக்கும் கொலஸ்ட்ரோல் ஏறியது. உடல்நிலை மோசமானதாகத் தெரியவில்லை. கொழுப்பு உணவு நிறையைத் தந்துவிடும். நிறையைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஹங்கேரியில் செய்து 2008இல் வெளியான ஆய்வு இன்னும் கூர்மையானது. நகரத்து அடைக்கலக்குருவிகள் கிராமத்தவற்றைவிட மெலிந்திருந்தன. எல்லாவற்றையும் பிடித்துக் கூண்டில் விட்டு, ஒரே தீனியை வேண்டிய அளவுக்கு வைத்தும் அந்த வித்தியாசம் போகவில்லை. வளர்ந்தபின் போடும் தீனியால் எல்லாவற்றையும் ஈடுசெய்ய முடியாது. அதே நாட்டில், 2020இல் வெளியான பரிசோதனையில், நகரத்துப் பட்டாணிக் குருவிகள் குஞ்சு வளர்க்கும் நாட்களில் கூட்டருகே புழுக்களை வைத்துக்கொடுத்தார்கள். குஞ்சுகள் பருத்தன, கூடுதலாகப் பிழைத்தன. காட்டில் அதே புழுக்களை வைத்தபோது பெரிய மாற்றம் இல்லை. காட்டில் அவை ஏற்கெனவே இருந்தன.

இப்போது இறகுக்கு வருவோம். என்னைப் பல வருடங்களாக மயக்கிவைத்திருப்பது இதுதான்.

இறகு தோலில் ஒரு சிறு குழியிலிருந்து முளைக்கிறது. வளரும்வரை அடித்தண்டுக்குள் இரத்தம் ஓடும். வளர்ந்து முடிந்ததும் இரத்தம் பின்வாங்கிவிடும். மிஞ்சுவது உயிரற்ற கெரட்டின் புரதம், நம் நகத்தைப் போல. வளர்ச்சி எப்போதும் அடியில் நடப்பதால் நுனிதான் முதலில் முளைத்த பகுதி, அடி கடைசியாக வந்தது. ஒருமுறை வெளியே வந்த பகுதியை உடம்பு திரும்பத் திருத்தமுடியாது. ஓலையில் எழுத்தாணி கீறியதுபோல நின்றுவிடும்.

வீட்டு வாசலில் விழுந்து கிடக்கும் காக இறகொன்றை எடுத்துப் பாருங்கள். வால் இறகு என்றால் இன்னும் நல்லது. காலை வெயிலில் சரித்துப் பிடித்து, மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில், தண்டுக்குக் குறுக்கே மங்கலும் பளபளப்பும் மாறிமாறி, மெல்லிய வரிகள் தோன்றும். கடற்கரை மணலில் அலை விட்டுப்போன வரிகள் போல. மங்கல் ஒன்றும் பளபளப்பு ஒன்றும் சேர்ந்தால் ஒரு நாள். பகலில் வளர்ந்த பகுதியும் இரவில் வளர்ந்த பகுதியும் ஒளியில் சற்று வேறுபட்டுத் தெரிகின்றன. ஆக, உங்கள் கையில் இருப்பது ஒரு நாட்குறிப்பு. ஒவ்வொரு நாளும் சில மில்லிமீற்றர். நன்றாகச் சாப்பிட்ட நாளில் வரி அகலம். இல்லாத நாளில் ஒடுக்கம்.

இதை ஓர் ஆய்வுமுறையாக்கியவர் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோமஸ் கிரப். 1989இல் இதற்கு 'டிலோகுரோனோலஜி' என்று பெயர் வைத்தார். தமிழில் இறகு நாட்கணிப்பு என்று சொல்லலாம். அவருடைய வழி எவ்வளவு எளிமையானது என்று பாருங்கள். பறவையைப் பிடித்து ஒரே ஒரு வால் இறகைப் பிடுங்கிக்கொண்டு விட்டுவிடவேண்டும். அந்தக் குழியில் புது இறகு முளைக்கும். சில வாரங்கள் கழித்துப் பறவையைத் திரும்பப் பிடித்துப் புது இறகையும் எடுத்து, பழையதோடு வைத்து வரிகளை அளக்கவேண்டும். இடைப்பட்ட நாட்களில் அந்தப் பறவை எப்படிச் சாப்பிட்டது என்பதற்குச் சாட்சி வந்துவிடும். காட்டுப் பறவைகளுக்குக் குளிர்காலத்தில் மேலதிகத் தீனி வைத்தபோது வரிகள் அகன்றதை 1990இல் இப்படித்தான் காட்டினார்கள். பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. அடிமட்டமும் குண்டூசியும் தடித்த அட்டையும் போதும்.

இறகு இன்னொரு செய்தியையும் வைத்திருக்கிறது. கெரட்டினுக்கு நிறம் தருவது மெலனின். மெலனினை உடம்பு தைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து செய்கிறது. புரதம் தட்டுப்பாடான நாட்களில் இறகு வளர்வது நிற்காது, ஆனால் நிறமி போய்ச்சேராது. அந்த நாட்களில் வளர்ந்த துண்டு வெளிறிப்போகும். ஐரோப்பிய நகரங்களில் இளம் காகங்களின் செட்டையில் தெரியும் வெள்ளைப் பட்டைகளுக்குக் குஞ்சுப் பருவத்து ஊட்டக்குறைவையே பறவையியலாளர்கள் முதற்காரணமாகச் சொல்கிறார்கள். மெலனின் இறகை உறுதியாக்கும் பொருளும்கூட. அதனால் வெள்ளைப் பட்டை விழுந்த இடத்தில் இறகு சீக்கிரம் தேயும், ஒடியும். குஞ்சுக் காலத்துக் குறை பறக்கும்போது இடறும்.

வாசகியின் காகத்துக்குப் பரம்பரையாக வந்த வெள்ளையாக இருக்கக்கூடாதா? இருக்கலாம், அப்படியான காகங்களும் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலும் இறகு முழுதாக வெளுத்திருக்கும். இந்தப் படத்தில் வாலைப் பாருங்கள். விரிந்த வாலில் ஒவ்வோர் இறகிலும் வெள்ளை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கிறது. ஒரு கோடு இழுத்தால் எல்லாவற்றையும் தொடும். வளர்ந்த பறவை வால் இறகுகளை ஒரே நேரத்தில் மாற்றாது. ஒன்றன்பின் ஒன்றாக உதிர்த்து முளைக்கவைக்கும். அதனால் ஒரு கெட்ட நாள் ஒவ்வோர் இறகிலும் வெவ்வேறு உயரத்தில் பதியும். கூட்டுக்குள் இருக்கும் குஞ்சுக்கோ எல்லா வால் இறகும் சேர்ந்தே முளைக்கின்றன. ஒரே நாளில் நட்ட நாற்று வாடினால் வயல் முழுக்க ஒரே உயரத்தில் வாடுமே, அதுபோல. ஆகவே இந்த நேர்கோடு நமக்குச் சொல்வது: கூட்டில் இருந்தபோது, தொடர்ந்து சில நாட்கள், தாயும் தகப்பனும் கொண்டுவந்ததில் புரதம் போதவில்லை.

அந்தச் சில நாட்களில் பாணும் சோறும் வந்திருக்கும். வயிறு நிரம்பித்தான் இருந்திருக்கும்.

இதைக் கொழும்பில் முறையாகச் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். 2018 ஒக்டோபரில், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் சமவாயம் ஈரநில நகரங்கள் என்று முதன்முதலில் ஏற்றுக்கொண்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. கோட்டையின் கொங்கிறீற்றிலிருந்து தலங்கமயின் வயலுக்கும் குளத்துக்கும் ஒரு பஸ் பயணத்தூரம்தான். அங்கே காகம் குஞ்சுக்குத் தவளையும் நத்தையும் வெட்டுக்கிளியும் கொண்டுபோகமுடியும். வழிநெடுக விழுந்த இறகுகளைப் பொறுக்கி, வரிகளை அளந்தாலே நகரத்தின் ஊட்ட வரைபடம் ஒன்று கிடைக்கும். நகரப் பறவைகளைப் பற்றி நான் மேலே சொன்ன ஆய்வு ஒவ்வொன்றும் வெப்பமண்டலத்துக்கு வெளியே நடந்தது. நம் வெப்பநாட்டு நகரங்களின் காகத்துக்கும் மைனாவுக்கும் அவை அப்படியே பொருந்தவேண்டியதில்லை. இலங்கை ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.1 வீதம்தான். இப்படி அடிமட்டத்தோடு முடியும் ஆய்வுக்குக்கூட ஒரு மாணவிக்குப் பஸ் காசு கொடுக்க ஆளில்லை என்பது எனக்கு மெய்யாகவே வலிக்கிறது.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலும் புரட்டாதிச் சனிக்கு வாழையிலைத் துண்டில் சோறு வைத்து, காகம் வந்து தொட்டபின்தான் அப்பா சாப்பிடுவார். அந்தப் பழக்கத்தை நான் குறைசொல்லமாட்டேன். இன்னோர் உயிர் சாப்பிடும்வரை காத்திருப்பது பெரிய பண்பு. ஆனால் காக இறகை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது, காகம் தலையில் தட்டினால் சாவு, வெள்ளை விழுந்தால் தோஷம் என்பதையெல்லாம் நான் ஏற்கமாட்டேன். தட்டும் காகம் பக்கத்து மரத்தில் குஞ்சு வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இறகைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். வேறு பரிகாரம் தேவையில்லை.

அம்மா சோற்றோடு பருப்பும் குழைத்து வைப்பவராக இருந்தால் அது நல்லது. அரிசியில் குறையும் லைசின் பருப்பில் உண்டு. பருப்பில் குறையும் கந்தகம் சேர்ந்த அமினோ அமிலங்கள் அரிசியில் உண்டு, இறகுக்கு அவை மிகவும் வேண்டும். பாண் வேண்டாம். சனிக்கிழமையில் முட்டை வைக்க மனம் ஒப்பாவிட்டால் மற்ற நாளில் ஒரு முட்டையை அவித்து நசுக்கி வைக்கலாம்; மீன் வெட்டும் நாளில் தலையும் குடலும் வைக்கலாம். கூடு கட்டும் மாதங்களில் வைத்தால் குஞ்சுக்குப் போய்ச்சேரும்.

அந்தக் காகத்தைத் தொடர்ந்து பாருங்கள். பட்டை இருப்பதால் அடையாளம் தவறாது. இளங்காகம் முதல் வருடம் முழுக்கக் கூட்டில் முளைத்த அதே செட்டை இறகுகளோடுதான் பறக்கும். அடுத்த வருடம் ஒவ்வொன்றாக உதிர்க்கும். வெள்ளை உதிர்ந்த இடத்தில் முழுக்கக் கறுப்பாக ஓர் இறகு முளைத்தால், நான் சொன்னது சரி. திரும்பவும் வெள்ளையாகவே முளைத்தால் காரணம் வேறாக இருக்கலாம். உதிர்ந்த பழைய இறகு மாடியில் கிடந்தால் எறியவேண்டாம். திகதியை எழுதி ஒரு கடித உறையில் போட்டு வையுங்கள். வரிகளை நான் எண்ணிப் பார்க்கவேண்டும்.