உடன்குடிக் கருப்பட்டியும் கார்பன்-13-உம்

இரண்டு கருப்பட்டியை அருகருகே வையுங்கள். ஒன்று, பதனீரை மட்டும் காய்ச்சி ஊற்றியது. மற்றொன்றில் வட்டை கொதிக்கும்போதே சீனியைக் கொட்டியிருக்கிறார்கள். உடைத்துப் பார்த்தும், நாக்கில் வைத்தும், தண்ணீரில் கரைத்தும் எது எதுவென்று சொல்லிவிடுவதாக உடன்குடி, திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் பலர் சொல்வார்கள். மொத்தமாகச் சீனியிலேயே செய்து நிறம் ஏற்றியதைக் கண்டுபிடித்தும் விடுவார்கள். ஆனால் பாதிக்குப் பாதி கலந்து, கைதேர்ந்தவர் காய்ச்சியது என்றால் நாக்கும் தோற்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், சாதாரண வேதியியல் ஆய்வுக்கூடமும் இங்கே தடுமாறும்.

காரணம் எளிது. பதனீரில் இருக்கும் சர்க்கரை சுக்ரோஸ். கரும்பாலையிலிருந்து வரும் சீனியும் சுக்ரோஸ்தான். பன்னிரண்டு கார்பன், இருபத்திரண்டு ஹைட்ரஜன், பதினொரு ஆக்சிஜன். அணுக்கள் பிணைந்திருக்கும் விதமும் ஒன்றே. கலவையைப் பொருள்வாரியாகப் பிரித்துக் காட்டும் திரவ நிறப்பிரிகைக் கருவியில் ஏற்றினால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஒரே முகடு வரும். சாம்பலையும் பொட்டாசியத்தையும் அளந்து ஓரளவு ஊகிக்கலாம், ஏனென்றால் சீனி சேரச் சேரத் தாது உப்புகளின் அளவு குறையும். ஆனால் மரத்துக்கு மரம், மண்ணுக்கு மண் அது மாறும். குறைந்த உப்பைக் கூட்டிக் காட்டுவதும் பெரிய வித்தையில்லை. மூலக்கூறு ஒன்றாக இருக்கும் இடத்தில் வேறுபாட்டை அணுவுக்குள்தான் தேட வேண்டும்.

அதற்கு முன் ஒரு கேள்வி: சீனியை ஏன் போடுகிறார்கள்? விலை குறைவு என்பது பாதிப் பதில்தான். மீதிப் பாதி கலயத்துக்குள் இருக்கிறது.

பாளையைச் சீவிக் கலயம் கட்டும்போது உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாவிட்டால் காற்றிலும் பாளையிலும் உள்ள ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் ராத்திரியோடு ராத்திரியாக வேலையைத் தொடங்கி, விடியும்போது கலயத்தில் கள் இருக்கும். தெளிந்த சுண்ணாம்பு நீரின் பிஎச் (புளிப்பையும் காரத்தையும் காட்டும் எண்) 12.4. அந்தக் காரத்தில் நுண்ணுயிர் பெருகாது. சுண்ணாம்பு காக்கும் இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. புளிப்பு ஏறினால் சுக்ரோஸ் தண்ணீரோடு சேர்ந்து குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளந்துவிடும். பிஎச் ஒரு எண் இறங்கினால் அமிலத்தால் நடக்கும் இந்தப் பிளவின் வேகம் பத்து மடங்காகும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் சொல்லவே வேண்டாம்.

பிளந்தால் என்ன நட்டம்? இனிப்பு குறையாது, கூடவே செய்யும். ஆனால் கருப்பட்டி இறுகுவது சுக்ரோஸ் படிகமாவதால். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் நடுவில் புகுந்து சுக்ரோஸ் மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கப்படுவதைத் தடுக்கும். ஃபிரக்டோஸ் காற்றின் ஈரத்தையும் இழுக்கும். பாகை 118, 120 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோய்ச் சிரட்டையில் ஊற்றினாலும் அது கல்லாகாது. மெழுகுபோல் நிற்கும், ஐப்பசி மழைக்குக் கசியும். பதனீரில் சர்க்கரை சுமார் 10 முதல் 12 சதவீதம்தான். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு, ஒன்பது லிட்டர் பதனீரும் அதற்கேற்ற விறகும் செலவழித்த பிறகு பாகு இறுகவில்லை என்றால் விடிலியில், அதாவது பதனீர் காய்ச்சும் குடிசையில், இருப்பவர் என்ன செய்வார்? கைப்பிடி சீனியை அள்ளிப் போடுவார். சுக்ரோஸின் விகிதம் ஏறும், சீனித் துகள்களே படிகத்துக்குக் கருவாகும், பாகு உடனே இறுகும். கெட்டுப்போன பதனீரைக் காப்பாற்றப் போட்ட கைப்பிடிதான் பிறகு மூட்டையாக வளர்ந்தது என்பது என் கணிப்பு. சுண்ணாம்பை அள்ளிப் பூசுவதும் தீர்வல்ல. காரம் மிஞ்சினால் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சிதைந்து கறுக்கும், கருப்பட்டியில் கசப்பும் கரகரப்பும் தட்டும்.

இனி அணுவுக்குள் போகலாம். இயற்கையில் கிடைக்கும் கார்பனில் நூற்றுக்குச் சுமார் 98.9 பங்கு கார்பன்-12. ஏறத்தாழ 1.1 பங்கு கார்பன்-13. இதன் கருவில் ஒரு நியூட்ரான் அதிகம், அவ்வளவுதான். இது கதிரியக்கம் இல்லாதது, எத்தனை ஆண்டானாலும் மாறாதது. வேதி குணம் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் கனமானது கொஞ்சம் சோம்பல். வினைகளில் நூலிழை பின்தங்கும்.

இலைக்குள் வரும் கரியமில வாயுவைப் பிடிப்பது ரூபிஸ்கோ என்ற நொதி. பனை, தென்னை, நெல், வாழை எல்லாவற்றிலும் முதல் பிடி இதனுடையது. முதலில் உருவாகும் பொருளில் மூன்று கார்பன் இருப்பதால் இவற்றைச் சி3 தாவரங்கள் என்கிறோம். ரூபிஸ்கோ இலேசான கார்பனைத்தான் அதிகம் விரும்பும், கனமானதை ஒதுக்கும். ஒதுக்கப்பட்டது இலைத்துளை வழியாக வெளியே போய்விடும். கரும்பு, சோளம், கம்பு, மக்காச்சோளம் வேறு வழியில் போகின்றன. அங்கே பெப் கார்பாக்சிலேஸ் என்ற இன்னொரு நொதி முதலில் பிடித்து நான்கு கார்பன் அமிலமாக்கி, இலை நரம்பைச் சுற்றியுள்ள உறைச் செல்களுக்குள் தள்ளிவிடுகிறது. அந்த மூடிய அறைக்குள்தான் ரூபிஸ்கோ உட்கார்ந்திருக்கிறது. பந்தியில் இலை நிறையப் பரிமாறினால் வேண்டாததை ஓரத்தில் ஒதுக்கலாம். கதவைச் சாத்திவிட்டு ஒரே கவளத்தைக் கையில் கொடுத்தால் எதை ஒதுக்குவது? வந்ததெல்லாம் உள்ளே போகும். ஆகவே கரும்பின் சர்க்கரையில் கார்பன்-13 சற்று அதிகம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஹேட்ச், ஸ்லேக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1966-இல் இந்த நான்கு கார்பன் பாதையைத் தெளிவாக வகுத்தபோது அவர்கள் கையில் இருந்ததும் கரும்பு இலைதான்.

வேறுபாடு எவ்வளவு? இதை அளக்க ஒரு பொது அளவுகோல் உண்டு: அமெரிக்காவின் தென் கரோலினாவில் பீ டீ படிவத்தில் கிடைத்த பெலம்னைட் (கணவாய் போன்ற பழங்காலக் கடலுயிர்) புதைபடிவத்தின் சுண்ணாம்பு. அதன் கார்பன் விகிதத்தைச் சுழியம் என்று வைத்து, மாதிரியில் கார்பன்-13 ஆயிரத்துக்கு எத்தனை பங்கு கூட அல்லது குறைய என்று சொல்வார்கள். சி3 தாவரங்கள் பெரும்பாலும் −24 முதல் −30 வரை. கரும்புச் சீனி −11, −12 அருகில். ஒரு பேச்சுக்குப் பனையை −26 என்றும் சீனியை −11.5 என்றும் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தால், ஒவ்வொரு பத்து லட்சம் கார்பன்-12 அணுவுக்கும் பனஞ்சர்க்கரையில் 10,889 கார்பன்-13 இருக்கும், சீனியில் 11,051. பத்து லட்சத்தில் 162 அணுதான் வேறுபாடு. கருப்பட்டிக்குள் ஒளிந்த சீனியைப் பிடிக்க நமக்கு இருக்கும் பிடி இதுதான்.

ஒரே தனிமத்தின் இலேசான, கனமான அணுவகைகளை ஐசோடோப்பு என்பார்கள். இந்த 162-ஐ எண்ணும் கருவிக்கு ஐசோடோப்பு விகித நிறைமானி என்று பெயர். வேலை இப்படி நடக்கும். கருப்பட்டியைப் பொடித்து அப்படியே எடைபோட்டால் காற்றின் ஈரத்தில் பிசுபிசுத்து இடுக்கியில் ஒட்டிக்கொள்ளும். அதனால் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து வடிகட்டி, ஒரு துளியை வெள்ளீயத்தாலான நுண்கிண்ணத்தில் விட்டு, 60 டிகிரியில் உலர்த்துவது நல்லது. (நாம் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு எந்த உலோகமோ அதே உலோகம்தான் இந்தக் கிண்ணமும்.) உலர்ந்த பின் உள்ளே 0.3 மில்லிகிராம் சர்க்கரை இருந்தால் போதும். அதில் கார்பன் சுமார் 0.126 மில்லிகிராம். கிண்ணத்தின் வாயை இடுக்கியால் மடித்து மூட வேண்டும். விரல் படக் கூடாது, விரல் பிசுக்கிலும் கார்பன் உண்டு.

மூடிய கிண்ணம் 1,000 டிகிரி சூட்டில் இருக்கும் குழாய்க்குள், ஹீலியம் ஓட்டத்தில், ஒரு வீச்சு ஆக்சிஜனோடு விழும். வெள்ளீயம் பற்றி எரிவதால் அந்த நொடியில் சூடு இன்னும் பல நூறு டிகிரி ஏறும். சர்க்கரை முழுவதும் கரியமில வாயுவும் நீராவியும் ஆகிவிடும். மிஞ்சிய ஆக்சிஜனை 650 டிகிரிச் செம்புத் துகள்கள் உறிஞ்சும். நீரை மக்னீசியம் பெர்குளோரேட் பிடித்துக்கொள்ளும். தனியே பிரிந்து வரும் கரியமில வாயு நிறைமானிக்குள் புகுந்து மின்னேற்றம் பெற்று, காந்தப் புலத்தில் வளைந்து மூன்று கிண்ணிகளில் விழும். நிறை 44 ஒன்றில், 45 ஒன்றில், 46 ஒன்றில். 45-இல் விழுவது பெரும்பாலும் கார்பன்-13 உள்ள வாயு. கூடவே ஆக்சிஜன்-17 உள்ளதும் கொஞ்சம் விழும், அதை 46-இன் அளவை வைத்துக் கணக்கில் கழிப்பார்கள்.

அளவீடு சரியா என்று பார்க்க மாதிரிகளுக்கு இடையிடையே தரப்பொருள்களையும் எரிக்க வேண்டும். சர்வதேச அணுசக்தி முகமை தரும் ஐஏஇஏ-சிஎச்-6 என்ற பொருளின் மதிப்பு −10.45. அது வேறொன்றுமில்லை, கரும்புச் சீனிதான். மறுமுனைக்கு −26.39 கொண்ட குளுட்டாமிக் அமிலம். கருப்பட்டி பெரும்பாலும் இந்த இரண்டு வேலிகளுக்கு நடுவிலோ அவற்றை ஒட்டியோ விழும். நன்றாகப் பராமரித்த கருவியில் பிழை 0.1 முதல் 0.2 வரைதான்.

பிறகு வெறும் விகிதக் கணக்கு. மாதிரி −20 காட்டுகிறது என்று வையுங்கள். −26-இலிருந்து 6 நகர்ந்திருக்கிறது. பனைக்கும் சீனிக்கும் மொத்த இடைவெளி 14.5. ஆறைப் பதினாலரையால் வகுத்தால் 0.41. அந்தக் கருப்பட்டியின் கார்பனில் 41 சதவீதம் கரும்பிலிருந்து வந்தது.

தேனுக்கு இந்த முறை பழசு. இந்திய உணவுப் பாதுகாப்பு தர நிர்ணய ஆணையத்தின் தேன் தரத்தில் சி4 சர்க்கரை (கரும்பு போன்ற நான்கு கார்பன் பாதைத் தாவரங்களின் சர்க்கரை) 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பே இருக்கிறது. தேனில் ஒரு வசதி உண்டு. அதிலுள்ள புரதத்தைத் தனியே பிரித்து அதன் மதிப்பையும் அளக்கலாம். கலப்பில்லாத தேனில் சர்க்கரை, புரதம் இரண்டின் மதிப்பும் ஏறக்குறைய ஒத்துப்போகும். 118 டிகிரி வரை காய்ந்து வரும் கருப்பட்டியில் அப்படிப்பட்ட உள்சாட்சி எளிதில் கிடைப்பதில்லை.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மேலே பனைக்கு −26 என்று வைத்தோமே, அது எல்லாப் பனைக்கும் எல்லா மாதத்துக்கும் பொருந்தாது. தண்ணீர் இல்லாத காலத்தில் மரம் இலைத்துளைகளைச் சாத்திக்கொள்ளும். உள்ளே இருக்கும் கரியமில வாயு குறையும்போது ரூபிஸ்கோவும் அவ்வளவாகப் பொறுக்க முடியாது, கனமான கார்பனையும் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இலைக்குள்ளும் வெளியிலும் உள்ள வாயுவின் விகிதம் 0.7-லிருந்து 0.6-க்கு இறங்கினால், கணக்குப்படி மதிப்பு இரண்டுக்கு மேல் நகரும். இரண்டு என்றால் சுமார் 14 சதவீதம் சீனி கலந்ததற்குச் சமம்! தேரியின் செம்மணலில் சித்திரை வெயிலில் நிற்கும் பனையும், தாமிரபரணி வாய்க்கால் வரப்பில் கால் நனைத்து நிற்கும் பனையும் ஒரே எண்ணைக் காட்டும் என்று எதிர்பார்ப்பது தவறு. எங்கோ அளந்த ஒரு சராசரியை வைத்துக்கொண்டு தேரிக்காட்டுக் கருப்பட்டியில் பத்து சதவீதக் கலப்பு என்று தீர்ப்பு எழுதினால், அது ஒரு பனையேறியின் பிழைப்பில் மண் போடுவதாக முடியலாம். நாற்பது சதவீதக் கலப்பைப் பிடிக்கச் சராசரி போதும். பத்தைப் பிடிக்கப் போதாது.

சுண்ணாம்பு குழப்புமா என்றும் கேட்பார்கள். சுண்ணாம்புக்காகச் சுட்டதில் சரியாக வேகாத சிப்பித் துண்டில் மிச்சமிருக்கும் கார்பனேட்டின் மதிப்பு சுழியத்துக்கு அருகில் இருக்கும். அது 1,000 டிகிரியில் வாயுவாகி அளவீட்டில் சேரும். ஆனால் கருப்பட்டியில் ஒரு சதவீதம் கார்பனேட் இருந்தாலும் நகர்வு 0.07-தான். கரைத்து வடிகட்டிவிட்டால் அதுவும் போயிற்று. சுண்ணாம்பால் நிஜமான தொல்லை கருவிக்குத்தான்: சுண்ணாம்பும் பொட்டாசியமும் கலந்த சாம்பல் எரிகுழாயின் குவார்ட்ஸ் சுவரை அரிக்கும். நாள் முழுதும் கருப்பட்டியையே எரித்தால் குழாயைச் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும்.

காய்ச்சுவதால் மதிப்பு மாறாதா? கார்பனைப் பொறுத்தவரை பெரிதாக மாறாது. விடிலியில் ஆவியாகிப் போவது தண்ணீர். ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஐசோடோப்புகளை அளப்பவர்களுக்குத்தான் அந்தத் தலைவலி.

ஏமாற்ற நினைப்பவருக்கும் ஒரு வழி இருக்கிறது. பீட்ரூட் இனத்துச் சர்க்கரைக் கிழங்கு சி3 தாவரம். அதன் சீனியும் பனையின் எல்லைக்குள்ளேயே விழும், இந்தக் கருவிக்குத் தெரியாது. அரிசியிலிருந்து எடுக்கும் பாகும் அப்படியே. தேனில் அரிசிப் பாகு புகுந்த பிறகுதான் மூலக்கூறுகளின் கைரேகையைப் பார்க்கும் அணுக்கரு காந்த ஒத்திசைவு ஆய்வின் பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். ஆனால் நம் மளிகைக் கடைச் சீனி கரும்பிலிருந்து வருவது. மலிவாகக் கிடைப்பதைத்தானே கலப்பார்கள்?

புவிசார் குறியீடு பெற்றிருக்கும் உடன்குடிக் கருப்பட்டிக்கு உருப்படியான சோதனை வேண்டுமென்றால், முதலில் சேர்க்க வேண்டியது கருப்பட்டியை அல்ல, பதனீரை. பங்குனியில் கலயம் கட்டத் தொடங்கியதிலிருந்து ஆடி வரை, தேரியிலிருந்தும் வாய்க்கால் கரையிலிருந்தும் வாரம் ஒரு முறை, மரத்தடியிலேயே வடிகட்டி எடுக்க வேண்டும். அறைச் சூட்டில் விட்டால் புளித்து, கார்பன் வாயுவாக வெளியேறும். எடுத்த உடனே கொதிக்கவைத்து, கண்ணாடித் தகட்டில் சில துளி விட்டு உலர்த்திவிட்டால் போதும், குளிர்பெட்டி தேவையில்லை. அதே நாளில் அதே வட்டையில் இறங்கிய கருப்பட்டியிலும் ஒரு துண்டு, மேல்பரப்பைச் சுரண்டிவிட்டு நடுவிலிருந்து எடுத்துக் காற்றுப் புகாத குப்பியில் அடைக்க வேண்டும். அன்றைய பதனீர்த் துளி −24.3, கருப்பட்டியும் −24.3 என்றால் பேச்சே இல்லை. கருப்பட்டி −23.7 காட்டினால், பாகை இறுக்கப் போட்ட கைப்பிடி சீனியும், நாலைந்து சதவீதம்தான் என்றாலும், எண்ணில் வந்து நிற்கும்.